நாளுக்கு நாள் கிழடாகும் டிராக்டர்

அத்தியாயம் 3

"என் டிராக்டர் நாளுக்கு நாள் கெழடாயிட்டே வருது சார்."

ஆடிட்டர் இப்படிச் சொன்னபோது ஒட்டடை சிரிக்கவில்லை. வழக்கோடு வருகிற கட்சிக்காரர் முன்னால் சிரிக்கக்கூடாது என்று வழியிலேயே அத்தான் சத்தியம் வாங்கியிருந்தார். கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு, "நாமளும் அப்படித்தானே சார் இருக்கோம்" என்று மட்டும் சொன்னான்.

ஒட்டடை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. உயரமும் ஒல்லி உடம்பும் சேர்ந்து அவனுக்குச் சம்பாதித்துக் கொடுத்த பெயர். அவனுடைய அக்கா புருஷன்தான் துப்பறிகிறவர். தலையில் இடி விழுந்தாலும் "என்ன சத்தம்?" என்று மெதுவாகக் கேட்கிற மனுஷர் என்பதால் அவருக்கு நிதானம் என்று பெயர். வீட்டில் சும்மா கிடக்கிற தம்பியைத் தொழிலில் சேர்த்துக்கொள்ளாவிட்டால் சமையல்கட்டுக் கதவு திறக்காது என்று அக்கா சொல்லிவிட்டாள். அப்படி உதவியாளன் ஆனவன் ஒட்டடை. வேலையில் அவன் செய்யும் உதவி என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, பேசுவதைத் தவிர.

"தூண் மேல சாயாதீங்க" என்றார் ஆடிட்டர். "ஒரு சின்னக் குறை சொல்லலாமா? உங்க சட்டையில மேல் பட்டன் ஒண்ணு மாத்திப் போட்டிருக்கு."

ஒட்டடை குனிந்து பார்த்தான். மாற்றித்தான் போட்டிருந்தது. இந்த மனுஷரிடம் மாட்டிக்கொண்டு எத்தனை ஆபீஸ் அழுததோ என்று நினைத்துக்கொண்டான். ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் குறை கண்டுபிடிப்பதே உத்தியோகமாக இருந்து ஓய்வு பெற்றவர் ஆடிட்டர். சம்பளம் நின்றுவிட்டது, பழக்கம் நிற்கவில்லை.

வீட்டின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட அந்த ஷெட்டின் நடுவில் டிராக்டர் நின்றது. ஒரு காலத்தில் காயலான் கடையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டியாம். ஆடிட்டர் அதன் துருவைச் சுரண்டி, பாகம் பாகமாகப் புதுசு மாற்றி, பெயின்ட் அடித்து, முகம் தெரிகிற மாதிரி பளபளக்க வைத்திருந்தார். ஷெட் கதவில் அவரே எழுதி ஒட்டிய விளம்பரம் இருந்தது:

'விற்பனைக்கு. முழுவதும் புதுப்பிக்கப்பட்ட பழைய உழவு டிராக்டர். குறைகள்: இல்லை (இருமுறை சரிபார்க்கப்பட்டது). வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் ஹாரன் அடிக்க வேண்டாம்.'

"இப்ப பாருங்க" என்று ஆடிட்டர் கையை நீட்டினார். "போன வாரம் புது சீட்டைக் காணோம். அந்த எடத்துல பழைய சீட்டு, பஞ்சு பிதுங்கிட்டு உக்காந்திருக்கு. அப்புறம் சைலன்ஸர். புதுசு போயிடுச்சு, ஓட்டை விழுந்த பழசு வந்து நிக்குது. அப்புறம் ரெண்டு ஹெட்லைட்டும். அப்புறம் முன்னாடி இருந்த பேர்ப் பலகை."

சுவரோரம் நீளமான அலமாரி இருந்தது. கழற்றிய பழைய பாகம் ஒன்றைக்கூட ஆடிட்டர் தூக்கிப்போட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டி வரிசையாக அடுக்கியிருந்தார். திருடன் அந்த அலமாரியிலிருந்து பழசை எடுத்து மாட்டிவிட்டு, புதுசைக் கொண்டுபோயிருக்கிறான்.

"திருடறவன் திருடிட்டு ஓடுவான், சரி" என்றான் ஒட்டடை. "இவன் என்னடான்னா பழசை எடுத்து மாட்டி, போல்ட்டும் முடுக்கிட்டுப் போயிருக்கான். திருட்டா, சர்வீஸா?"

"எனக்குச் சிரிப்பா இல்ல தம்பி. இன்னிக்குச் சாயங்காலம் ஹோட்டல்காரர் லாரியோட வரார். அவர் ஹோட்டல் வாசல்ல நிறுத்தறதுக்கு இந்த வண்டி வேணுமாம். பளபளன்னு குடுக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். வாக்குக் குடுத்துட்டு மாத்திப் பேசறது என் பரம்பரையிலயே கெடையாது. இதை யார் பண்றாங்கன்னு அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

நிதானம் இவ்வளவு நேரமும் வாயைத் திறக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். சீட்டுக்கு அடியில் குனிந்து ஒரு போல்ட்டை முகர்ந்து பார்த்தார். சைலன்ஸரையும் முகர்ந்து பார்த்தார்.

"அத்தான், பசிக்குதுன்னா சொல்லுங்க, கடைக்குப் போலாம்" என்றான் ஒட்டடை.

அவர் காதில் வாங்கவில்லை. துருப்பிடித்த ஹெட்லைட்டுக்கு முன்னால் போய் நின்றார். நின்றார் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பிறகு கழுத்தை வளைத்துப் பேர்ப் பலகையைப் பார்த்தார். அவர் புருவம் லேசாக மேலே போனது. நிதானம் புருவத்தைத் தூக்கினார் என்றால் மற்றவர்கள் கூச்சல் போட்டதற்குச் சமம்.

"சார், இந்த ஷெட்டுக்குள்ள வேற யார் வருவாங்க?"

"ஈ எறும்புகூட வராது. சாவி வீட்டுல ஆணியில தொங்கும். என் சம்சாரத்துக்கு கிரீஸ் வாசனையே ஆகாது, தலைவலி வந்துடும். இத்தனை வருஷத்துல அவ இந்த வாசல்படியை மிதிச்சதே இல்ல."

"நீங்க எப்பவும் இங்கேயே இருப்பீங்களா?"

"காலையில விடிஞ்சதும் வந்துடுவேன். மத்தியானம் சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம். திரும்ப வந்தா இருட்டற வரைக்கும் இங்கதான்."

"சரி" என்றார் நிதானம். "புது சீட்டு எங்க போச்சுன்னு முதல்ல பாப்போம். சீட்டைப் புடிச்சா ஆளைப் புடிச்ச மாதிரி."

வெளியே வந்ததும் ஒட்டடை கேட்டான். "போல்ட்டுல என்ன வாசனை அத்தான்?"

"எலுமிச்சம்பழம்."

"டிராக்டர்லயா? சரிதான், அடுத்து ஊறுகா போட்டிருப்பான்."

திருடிய இரும்பு எதுவானாலும் போய்ச் சேர்கிற இடம் ஒன்றுதானே. அடுத்த தெருவிலிருந்த காயலான் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பழைய சைக்கிள்களுக்கு நடுவில், எது கடை எது கடைக்காரர் என்று தெரியாதபடி உட்கார்ந்திருந்தார்.

"புதுசா டிராக்டர் சீட்டு யாராவது விக்க வந்தாங்களா?" என்று கேட்டார் நிதானம்.

"புதுசை எவன் சார் என்கிட்ட கொண்டாரான்? புதுசா வாங்கறவனே நாலு வருஷம் கழிச்சுதான் இந்தப் பக்கம் வருவான்."

"ஆடிட்டர் வீட்டு வண்டி சீட்டு. அவர் இன்னிக்கு வண்டியை விக்கறார்."

கடைக்காரர் கையிலிருந்த எடைக்கல் நழுவிக் காலில் விழுந்தது. அவர் காலைக்கூடப் பார்க்கவில்லை. "விக்கறாரா? விக்கறாருன்னா... வேல முடிஞ்சிடுச்சா? அப்ப மறுபடியும் ஃப்ரீயாயிடுவாரா?"

"ஆனா என்ன?" என்றான் ஒட்டடை.

"ஆனா என்னவா! ரிடையராகி மொத மாசம் அந்தாளு பண்ணது உங்களுக்குத் தெரியாது தம்பி. தெனம் இங்க வந்துடுவார். என் ஆணியை எல்லாம் நீளவாரியா பிரிச்சார். அந்தச் சுவத்துல ரெண்டு போர்டு மாட்டினார் பாருங்க, இன்னும் இருக்கு."

பார்த்தார்கள். ஒரு போர்டில் 'துருப்பிடித்தவை' என்றும், இன்னொன்றில் 'துருப்பிடிக்க இருப்பவை' என்றும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"டீக்கடைக்காரர் எதிர்ல நின்னு டம்ளர்ல நுரை எவ்ளோ, டீ எவ்ளோன்னு அளந்தார். அந்த மனுஷன் அன்னிக்கே அழுதுட்டார். கடைசியில அந்த அம்மாதான், ஆடிட்டர் வீட்டம்மா, புண்ணியவதி, எல்லாரையும் காப்பாத்தினாங்க. நேரா இங்க வந்து, ஒரு டிராக்டர் வேணும், என் வீட்டுக்காரர் ரிப்பேர் பாக்கட்டும்னாங்க."

"அவங்களா வாங்கினாங்க?"

"அவங்கதான். நல்ல வண்டி ஒண்ணு இருந்துச்சு, ஓடுற நெலமையில. அதைக் காட்டினேன். 'ஐயோ, ஓடினா வேணாம்'னுட்டாங்க. 'இருக்கறதுலயே மோசமானதாப் பாத்துக் குடுங்க'ன்னாங்க. என் சர்வீஸ்ல அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவங்கதான்." கடைக்காரர் நிதானத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், எப்படியாவது அந்த வண்டி விக்காம பாத்துக்குங்க சார். நான் புள்ளகுட்டிக்காரன்."

திரும்பி நடக்கும்போது ஒட்டடை சொன்னான். "சிக்கனமான அம்மா. மலிவாக் கெடைக்கும்னு மோசமானதைக் கேட்டிருக்காங்க."

"மலிவா கேக்கல மாப்ள. மோசமானதா கேட்டாங்க. ஓடினா வேணாம்னாங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யோசிச்சுட்டே வா."

ஒட்டடை யோசித்துக்கொண்டே வந்தான். ஆடிட்டர் வீட்டு வாசல்வரை யோசித்தான். பிறகு உள்ளேயிருந்து டீ வாசனை வந்ததால் யோசனை நின்றுவிட்டது.

கதவைத் திறந்தது ஆடிட்டர் வீட்டம்மா. ரேடியோ முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. கூடத்தில் எங்கே பார்த்தாலும் பாக்கெட் நாவல்கள். சோபாவில், ஜன்னலில், டிவி மேல், தலைகுப்புறக் கவிழ்த்து வைத்ததும் மடித்து வைத்ததுமாக. எல்லாம் துப்பறியும் கதைகள். எதுவும் அடுக்கி வைக்கப்படவில்லை. இந்த வீட்டின் பின்பக்கத்தில் அந்த ஷெட் இருக்கிறது என்று யாராவது சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

"வாங்க வாங்க, துப்பறியறவங்கதானே? நெஜமான துப்பறியறவங்களை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் அந்த அம்மா. முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "உக்காருங்க. டீ கொண்டாரேன். கோட்டு போட மாட்டீங்களா நீங்க?"

ஒட்டடை ஜன்னலோரம், பூப்போட்ட துணி விரித்திருந்த ஒரு குட்டை இருக்கையில் உட்கார்ந்தான். நிதானம் நின்றுகொண்டே சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். தொட்டியருகில் பாத்திரம் கழுவும் பச்சை சோப்பும், ரப்பர் கையுறை ஒரு ஜோடியும் இருந்தன.

டீ வந்தது. நிதானம் ஒவ்வொரு வாயாகக் குடித்தார். "ஏம்மா, இந்த டிராக்டர் விஷயத்துல உங்க சந்தேகம் யார் மேல?"

"வெளியாளுங்க" என்றாள் அந்த அம்மா பட்டென்று. "ஒரு கும்பல். வெளிநாட்டுத் தொடர்பு இருக்கும். எனக்குப் பின்பக்கம் என்ன நடக்குதுன்னே தெரியாதுங்க. கிரீஸ் வாசனை வந்தாலே எனக்குத் தலை சுத்தும்."

"மத்தியானம் அவர் தூங்கும்போது நீங்க?"

"நான் இங்கதான் படிச்சிட்டிருப்பேன். உங்க தம்பி உக்காந்திருக்காரே, அங்கதான்."

நிதானம் டம்ளரைக் கீழே வைத்தார். "மாப்ள, அங்க உக்காந்து எவ்ளோ நேரமாச்சு?"

"வந்ததுல இருந்து அத்தான்."

"கால் மாத்தினியா?"

"இல்ல."

"நெளிஞ்சியா?"

"இல்ல அத்தான். சும்மா சொல்லக்கூடாது, என்னா சொகம்! இடுப்பை அப்படியே தாங்கிப் புடிக்குது."

"உன்னை எனக்குக் கல்யாணப் பந்தல்ல இருந்து தெரியும். எந்த நாற்காலியிலயும் நீ அசையாம உக்காந்து நான் பாத்ததே இல்ல. எந்திரி."

ஒட்டடை எழுந்தான். நிதானம் பூப்போட்ட துணியை உருவினார். மரப்பெட்டி ஒன்றின் மேல், கறுப்பு நிறத்தில், கும்மென்று, தையல் பிசகாமல், புத்தம் புது டிராக்டர் சீட்டு.

"அடப்பாவி" என்றான் ஒட்டடை. "தடயத்து மேல உக்காந்துதான் டீ குடிச்சேனா?"

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு ரொம்ப நியாயமாகக் கேட்டாள். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? கையுறை போட்டுத்தானே கழட்டினேன். ரேகை கெடைச்சிருக்காதே."

"ரேகை வேண்டாம்மா. போல்ட்டைக் கழுவித் துடைச்சு மாட்டியிருந்தீங்க. எலுமிச்சை சோப்பு. துருப்பிடிச்ச சைலன்ஸரைக்கூடத் தேச்சுக் கழுவியிருக்கீங்க. உலகத்துல எந்தத் திருடனும் கைவெச்ச எடத்தைக் குளிப்பாட்ட மாட்டான்."

"அழுக்கா இருந்துதுங்க! அதை எப்படி அப்படியே மாட்டறது?"

சொல்லிவிட்டு அவள் சோபாவில் உட்கார்ந்தாள். ரேடியோவைத் தானே அணைத்தாள். சந்தோஷமெல்லாம் முகத்திலிருந்து வடிந்துவிட்டது.

"அவர் கெட்டவர் இல்லீங்க. அதை முதல்ல சொல்லிடறேன். ஆனா ரிடையராகி வீட்டுல இருந்த அந்த ஒரு மாசம்! டப்பாவை எல்லாம் உயரவாரியா அடுக்கினார். குக்கர் பக்கத்துல கடிகாரத்தோட நின்னார். நான் துணி மடிச்சா திரும்பி மடிச்சார். நான் பாடினா சுருதி சேரலைன்னார். ஒருநாள் தூக்கத்துல ஏதோ பேசினேனாம், காலையில அதுல ரெண்டு தப்பு இருக்குதுன்னு சொன்னார். எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்போல ஆயிடுச்சு. அதான் அந்த வண்டியை வாங்கிக் குடுத்தேன். அவர் அங்க போனதுக்கப்புறம்தான் இந்த வீட்டுல நான் மூச்சு விட்டேன். பகல்ல நான் நெனச்ச எடத்துல உக்காருவேன், நெனச்ச பாட்டைப் பாடுவேன். வேலை முடிஞ்சுதுன்னு போன வாரம் வந்து சொன்னார். அன்னிக்கு மத்தியானமே அவர் தூங்கினதும் போய் சீட்டைக் கழட்டினேன். வண்டி இன்னிக்குப் போயிடுச்சுன்னா நாளையில இருந்து அவர் இங்க. இந்தக் கூடத்துல. நாள் பூரா."

அவள் கண் கலங்கியது. ஒட்டடை மேல் பட்டனைத் தடவிக்கொண்டான்.

"அவர்கிட்ட சொல்லிடுவீங்களா?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு" என்றார் நிதானம். "சீட்டு நீங்க. சைலன்ஸர் நீங்க. அந்த ரெண்டு ஹெட்லைட்டை எப்படிம்மா கழட்டினீங்க?"

"ஹெட்லைட்டா?" அவள் விழித்தாள். "அதை நான் தொடவே இல்லையே."

"பேர்ப் பலகை?"

"எந்தப் பேர்ப் பலகை?"

ஒட்டடை கையிலிருந்த மிச்ச டீ சட்டையில் கொட்டியது. "அத்தான், அப்ப இன்னொருத்தன் இருக்கானா?"

அந்த அம்மாவின் கண்ணீர் போன இடம் தெரியவில்லை. எழுந்தே விட்டாள். "ரெண்டாவது ஆள்! நான் நெனச்சேன். ஹோட்டல்காரர்தான். கதையில கடைசியில லாரியில வர ஆள் மேலதான் எப்பவும் சந்தேகப்படணும். இருங்க, செருப்பைப் போட்டுட்டு வரேன்."

ஷெட் வாசலில் அவளைப் பார்த்ததும் ஆடிட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எங்க இங்க? தலைவலி வரப்போகுது."

"வந்தா வரட்டும்" என்றாள் அவள்.

நிதானம் நேராக வண்டியின் முன்னால் போனார். "சார், உங்க வண்டியில ஒரு விஷயம் பாத்தேன். ஸ்க்ரூ தலையில ஒரு கோடு இருக்கும் பாருங்க, ஸ்க்ரூ டிரைவர் வெக்கற கோடு. இந்த வண்டியில எல்லாக் கோடும் நட்டுக்குத்தலா, நேரா நிக்குது."

ஆடிட்டர் முகம் மலர்ந்தது. "கவனிச்சீங்களா! யாருமே கவனிக்க மாட்டாங்க. ஒரு கோடு சாஞ்சிருந்தாலும் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. முடுக்கினதுக்கப்புறம் ஒரு நூல் இப்படி, ஒரு நூல் அப்படித் திருப்பி நேராக்குவேன். அதான் வேலை."

"இந்தத் துருப்பிடிச்ச ஹெட்லைட்டையும் பாருங்க."

ஆடிட்டர் பார்த்தார். அவர் மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"இதுலயும் எல்லாக் கோடும் நேரா நிக்குது" என்றார் நிதானம். "பேர்ப் பலகையிலயும். அவசரமா வந்து போற திருடன் இப்படி அழகு பாத்து முடுக்குவானா சார்?"

ஆடிட்டர் கட்டைவிரலால் ஒரு ஸ்க்ரூ தலையை மூடிக்கொண்டார்.

"இருங்க இருங்க" என்றான் ஒட்டடை. "உங்க வண்டியை நீங்களே கழட்டினீங்களா? அப்புறம் எதுக்கு சார் எங்களைக் கூப்பிட்டீங்க?"

ஆடிட்டர் ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். "நான் கழட்டினது ஹெட்லைட்டும் பேர்ப் பலகையும்தான். அது எனக்குத் தெரியும். ஆனா சீட்டும் சைலன்ஸரும் போச்சே, அது யாரு? என் பார்வையில அது பெரிய குறை தம்பி. நான் கழட்டினது போக மிச்சத்தை எவன் கழட்டறான்னு தெரியாம ராத்திரி பூரா முழிச்சிட்டிருந்தேன். அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"ஏங்க கழட்டினீங்க?" என்று கேட்டாள் மனைவி. அவள் குரல் மாறியிருந்தது.

அவர் அவளைப் பார்க்காமல் டிராக்டரைப் பார்த்துப் பேசினார். "ரிடையரான மறுநாள் நான் வீட்டுக்குள்ள வந்தேன். டப்பாவைத் தொடாதீங்கன்னே. துணியைத் தொடாதீங்கன்னே. ரேடியோவைத் தொடாதீங்கன்னே. நான் எதைத் தொட்டாலும் உன் முகம் சுருங்குது. இந்த வண்டி ஒண்ணுதான் நான் தொட்டா நல்லாச்சு. வேலை முடிஞ்சா விக்கணும், அதான் முறைன்னு விளம்பரமும் ஒட்டிட்டேன். ஒட்டினதுக்கப்புறம்தான் ஒறைச்சுது. இது போயிடுச்சுன்னா நான் எங்க போறது? வீட்டுக்கு வர எனக்கு பயமா இருக்கு."

அவள் மெதுவாக, "சீட்டும் சைலன்ஸரும் நான்தான்" என்றாள்.

ஆடிட்டர் நிமிர்ந்தார். "நீயா? எதுக்கு?"

"நீங்க வீட்டுக்கு வந்துடுவீங்களேன்னு."

இதைக் கேட்டு அவர் முகம் போன போக்கை ஒட்டடையால் பார்க்க முடியவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். யாராவது எதையாவது போட்டு உடைத்தால் தேவலை என்றிருந்தது.

"அப்ப நான் வீட்டுல இருக்கறது உனக்கு அவ்ளோ கஷ்டம்."

"ஆமாங்க. கஷ்டமாத்தான் இருந்துது. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல. நீங்க மட்டும் பயமா இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அதற்கு அவர் என்ன சொன்னாரோ, யாருக்கும் கேட்கவில்லை. வாசலில் லாரி ஹாரன் ஊரைக் கூட்டியது.

ஹோட்டல்காரர் குதித்து இறங்கினார். கழுத்தில் தங்கச் சங்கிலியும் வாயில் சிரிப்புமாக வண்டியைச் சுற்றி வந்தார். "அடடா! அடடடா! என்ன சார் பண்ணிவெச்சிருக்கீங்க!"

"பளபளன்னு இல்ல" என்றார் ஆடிட்டர் அவசரமாக. "ஹெட்லைட்டெல்லாம் துரு."

"அதான் சார் அழகே! பாதி புதுசு, பாதி பழசு. என் ஹோட்டலும் அப்படித்தான், முன்பக்கம் மட்டும்தான் பெயின்ட் அடிச்சிருக்கேன். எவ்ளோ பொருத்தம் பாருங்க!"

"சீட்டுல பஞ்சு வந்துடுச்சுங்க" என்றாள் அந்த அம்மா.

"யாரும் உக்காரப் போறதில்லம்மா, போட்டோதான் எடுப்பாங்க."

"சைலன்ஸர்ல ஓட்டை."

"குருவி கூடு கட்டும். அதையும் போட்டோ எடுப்பாங்க."

ஒட்டடையால் பொறுக்க முடியவில்லை. "இந்த வண்டியில பேய் இருக்கு சார். ராத்திரியில தானா கெழடாகுது."

"பேயா?" ஹோட்டல்காரர் அவன் தோளைத் தட்டினார். "இதை ஏன் விளம்பரத்துல போடல? ரூம் வாடகையையே ஏத்திடுவேனே! டேய், பலகையைப் போடுங்கடா, ஏத்துங்க!"

லாரியிலிருந்து ஆட்கள் குதித்தார்கள். அந்த அம்மா கணவன் பக்கம் திரும்பி, "மாட்டேன்னு சொல்லுங்க" என்று முணுமுணுத்தாள்.

"வாக்குக் குடுத்துட்டேனே" என்றார் ஆடிட்டர். "நான் எப்படி மாத்திப் பேசறது?"

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்குப் பிடித்தாளோ, விடவில்லை. இரண்டு பேரும் அலமாரியோரம், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தின பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். ஒட்டடை அத்தானைப் பார்த்தான். எடுத்த வழக்கை முடிக்காமல் விட்டதே இல்லை என்று கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில்கூடச் சொல்லிக்கொள்கிற மனுஷர். குற்றவாளிகள் இரண்டு பேரும் கையும் களவுமாக எதிரே நிற்கிறார்கள். வாயைத் திறந்தால் வழக்கு முடிந்தது.

நிதானம் வாயைத் திறந்தார்.

"வண்டி மேல யாரும் கை வெக்காதீங்க. இது தடயம்."

பலகை தூக்கிய ஆட்கள் அப்படியே நின்றார்கள். "தடயமா?" என்றார் ஹோட்டல்காரர்.

"நான் துப்பறியறவன். இந்த வண்டியில தொடர்ந்து திருட்டு நடந்திருக்கு. விசாரணை போயிட்டிருக்கு. குற்றவாளி கெடைக்கற வரைக்கும் வண்டி இந்த எடத்தைவிட்டு நகரக்கூடாது. சார் வாக்கை மாத்தல. நான்தான் நிறுத்தறேன்."

"எப்ப சார் கெடைப்பான்?"

"சொல்ல முடியாது. என் அனுபவத்துல இவ்ளோ சிக்கலான கேஸைப் பாத்ததே இல்ல."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

நிதானம் அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு பேர் மேல இருக்கு. தனித்தனியா வேலை பண்ணிட்டிருந்த வரைக்கும் புடிச்சிடலாம்னு நம்பிக்கை இருந்துது. இப்ப ஒண்ணா சேந்துட்டாங்கன்னு தகவல். இனிமே ரொம்பக் கஷ்டம்."

ஹோட்டல்காரர் தலையைச் சொறிந்தார், வண்டியை ஏக்கமாகப் பார்த்தார், கிடைத்ததும் சொல்லி அனுப்புங்கள் என்று பல தடவை சொன்னார். லாரி வந்த வழியே போனது. தெருமுனையில் காயலான் கடைக்காரர் நொண்டிக்கொண்டே வந்து, காலி லாரியைப் பார்த்து, அங்கேயே நின்று கும்பிட்டார்.

"அத்தான்" என்றான் ஒட்டடை மெதுவாக. "முடிக்காம விட்டதே இல்லன்னு சொல்வீங்களே?"

"யார் விட்டா? விசாரணை போயிட்டுத்தானே இருக்கு" என்றார் நிதானம். அவர் காது மட்டும் லேசாகச் சிவந்திருந்தது.

ஷெட்டுக்குள்ளே பேச்சுக் குரல் கேட்டது. இரண்டு பேரும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"சீட்டு என்கிட்டயே இருக்கட்டும். படிக்க நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "அடுத்து எதைக் கழட்டலாம்?"

"மட்கார்டு?" என்றார் ஆடிட்டர்.

"அது ஒரே வாரத்துல முடிஞ்சிடும். இன்ஜினைக் கழட்டுங்க. ஆனா ஒண்ணு. சாயங்காலம் வெளக்கு வெச்சதும் வீட்டுக்கு வந்துடணும். வந்து சும்மா உக்காரணும். எதையும் அடுக்கக்கூடாது."

"அடுக்கல. ரேடியோ கேக்கலாமா?"

"கேக்கலாம். நான் பாடினாலும் கேக்கணும்."

ஆடிட்டர் தலையாட்டினார். சுவரிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்து இன்ஜின் பக்கம் குனிந்தார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அது சேராதுங்க. அதுக்கு அடுத்த சைஸ்."

ஆடிட்டரின் கை அந்தரத்தில் நின்றது. பிறந்ததிலிருந்து மற்றவர்களுக்குக் குறை சொல்லியே பழகிய மனுஷர். ஒட்டடை மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அவர் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தார். போல்ட்டைப் பார்த்தார். ஸ்பானரைத் திரும்பவும் சுவரில் மாட்டினார். அடுத்த சைஸை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, போல்ட்டின் மேல் வெளிச்சம் விழுகிற மாதிரி கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.